காணிப்பாக்கத்துச் சத்தியம்

சித்தூர் நகரிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில், பாஹுதா ஆற்றங்கரையில் காணிப்பாக்கம் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள வரசித்தி விநாயகர் ஆலயம் குலோத்துங்க சோழன் காலத்தில் எழுந்தது என்பது மரபு. திருப்பதி யாத்திரை செல்லும் தமிழர் பலர் வழியில் இறங்கி இவரையும் தரிசித்துச் செல்வது வழக்கம்.

இந்த விநாயகர் சத்தியத்திற்குப் பேர் போனவர். தீராத வழக்குடையோர் திருக்குளத்தில் நீராடி இவர் சந்நிதியில் பிரமாணம் செய்வர். இங்கே பொய்யுரைக்க எவரும் அஞ்சுவர். அதே சந்நிதியில், “இனிக் குடிப்பதில்லை” என்று உறுதி கூற வருவோரும் உண்டு. அருகில் மனைவியோ தாயோ நின்றிருப்பாள். அவளுடைய எஞ்சிய நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கும்.

நேயர்களே, சத்தியம் காலையில் முடிந்துவிடுகிறது. மாலை ஆறு மணி ஆனதும் அந்த மனிதன் என்ன செய்வான்? நாம் ஆராய வேண்டிய கேள்வி இதுவே. சித்தூர் ஜில்லாவின் வரலாறு இதற்கு ஒரு விடையை வைத்திருக்கிறது.

1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாகப் பொறுப்பேற்ற ராஜாஜி, அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். மறு ஆண்டு அக்டோபரில் அது சித்தூருக்கும் கடப்பைக்கும் விரிந்தது. அந்நாளில் சித்தூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கிய ஊர்களில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் ஒன்றாக மூடப்பட்டன. சர்க்கார் இழந்த வருமானத்தை ஈடுசெய்யும் பொருட்டு 1939-இல் விற்பனை வரி பிறந்தது.

ராஜாஜிக்கு இது திடீரென்று தோன்றிய எண்ணமன்று. திருச்செங்கோட்டுக்கு அருகே 1925-இல் காந்தி ஆசிரமத்தை நிறுவியபோதே குடியின் கொடுமையைக் கிராமங்களில் நேரில் கண்டவர் அவர். 1929-இல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதில் அவருக்குத் துணை நின்றவர் ‘கல்கி’. கடையை மூடினால் மட்டும் போதாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். குடிப்பவனுக்குக் கடை என்பது கள் கிடைக்கும் இடம் மாத்திரமன்று; நாளெல்லாம் உழைத்தவன் நாலு பேருடன் உட்காரும் இடமும் அதுவே. ஆகவே சேலத்தில் அந்த மாலைப் பொழுதை நிரப்புவதற்கு பஜனையும் கதாகாலட்சேபமும் விளையாட்டும் ஏற்பாடு செய்யப்பட்டன. தேநீர்க் கடைகளும் ஊக்குவிக்கப்பட்டன.

சட்டத்தின் கதை மேடு பள்ளம் நிறைந்தது. யுத்த காலத்தில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 1948-க்குள் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1953-இல் சித்தூர் ஆந்திர ராஜ்யத்துடன் சேர்ந்தது. அங்கும் பிற்காலத்தில் விலக்குத் தளர்ந்தது. 1992-இல் நெல்லூர் ஜில்லாவில் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயத்துக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அதன் விளைவாக 1995-இல் மீண்டும் முழு மதுவிலக்கு வந்தது. 1997-இல் அதுவும் நீங்கியது. கடைக்கதவு வெளியிலிருந்து மூடப்பட்டால் வெளியிலிருந்தே திறக்கவும் படும். உள்ளே மூடிக்கொள்ளும் கதவு ஒன்று வேண்டியிருக்கிறது.

அந்தக் கதவைத் தேடியவர்கள் வேறு நாடுகளிலும் இருந்தனர். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்கு வியாபாரியும், ராபர்ட் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்தனர். இருவருமே குடியால் வீழ்ந்தவர்கள். ஒருவரிடம் ஒருவர் மனம் திறந்து பேசியே அவர்கள் மீண்டனர். அவர்கள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் கூட்டுறவு பன்னிரண்டு படிகளை வகுத்தது. பதினோராவது படி, பிரார்த்தனையும் தியானமும். இன்ன தெய்வம் என்ற கட்டாயம் அங்கில்லை; அவரவர் உணர்ந்தபடி கடவுளை எண்ணிக்கொள்ளலாம்.

மௌனப் பிரார்த்தனையின் இன்னொரு வழி ஒரு தமிழரிடமிருந்து புறப்பட்டது. மலாயாவில் பிறந்த சுவாமி சத்தியானந்தர் கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நிறுவியவர். 1950-களின் நடுவில், ஜான் மெயின் என்ற ஆங்கில அதிகாரி அவரிடம் வந்து, ஒரே மந்திரத்தை அமைதியாகத் திரும்பத் திரும்ப உள்ளத்தில் ஒலிக்கும் முறையைக் கற்றார். பின்னர் கிறிஸ்தவத் துறவியாகிய மெயின், அம்முறையைத் தம் சமயத்தாருக்குப் போதித்தார். அவ்வழியைப் பின்பற்றிய பாதிரியார் ஜோ பெரைரா, தாமும் குடியிலிருந்து மீண்டவர், 1981-இல் பம்பாயில் ‘கிருபா’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். பன்னிரண்டு படிகளுடன் யோகமும் தியானமும் அங்கே சேர்ந்தன. நாம ஜபம் என்று நம் பாட்டிமார் செய்துவந்தது கடல் கடந்து சென்று, மருந்துக்குத் துணையாக இந்நாட்டுக்கே திரும்பி வந்தது.

இது எவ்வாறு உதவுகிறது? குடிக்கும் ஆசை அலை போன்றது. எழும், உச்சிக்கு ஏறும், பிறகு தானே தணியும். அதனுடன் மல்லுக்கு நிற்பவன் களைத்துப் போகிறான். ஒரு நாமத்தைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருப்பவனுக்கோ, அலை தன்னைக் கடந்து போவதைக் காணும் பழக்கம் நாளடைவில் கைவருகிறது. விரதத்திற்கு முடிவு நாள் உண்டு. புரட்டாசி மாதம் முழுதும் கோவிந்த நாமம் சொல்லி விலகியிருந்தவன் ஐப்பசி பிறந்ததும் பழைய இடத்திற்குப் போவதை நாம் கண்டிருக்கிறோம். தினந்தோறும் செய்யும் பிரார்த்தனையோ, அன்றைய ஒரு மாலையைக் காத்தால் போதும் என்கிறது. மறுநாள் மாலையை மறுநாள் பிரார்த்தனை பார்த்துக்கொள்ளும்.

ஒன்றை மறந்துவிடலாகாது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் நேரலாம். அது உயிருக்கே ஆபத்து. எனவே முதற்படி மருத்துவரிடம் செல்வதே. சென்னையில் 1980-இல் தொடங்கப்பட்ட டி.டி. ரங்கநாதன் நினைவு மையமும், பெங்களூரின் நிம்ஹான்ஸும் இத்துறையில் பெயர் பெற்றவை. பிரார்த்தனை மருத்துவத்தின் தோழன். அதன் இடத்தைப் பிடிக்க வந்ததன்று.

பிற மாநிலங்களில் வாழும் நண்பர்களே, வேலை முடிந்து, மொழி புரியாத ஊரில், தனி அறைக்குத் திரும்பும் மாலையின் பாரத்தை நீங்கள் அறிவீர்கள். பலர் அந்த நேரத்தில்தான் வழி தவறினார்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் காணிப்பாக்கத்திலோ வேறு எங்கேயோ சத்தியம் செய்து வந்திருந்தால், அவரைச் சோதிக்க வேண்டாம், ஐயுறவும் வேண்டாம். மாலை ஆறு மணிக்கு அவர் அறைக்குச் சென்று, சிறிது நேரம் அவருடன் அமைதியாக அமர்ந்திருங்கள். 1937-இல் பஜனைக்கு ஏற்பாடு செய்தவர்கள் நாடியதும் அதுவே.