சிங்கப்பூர் சைனாடவுனுக்குக் குடும்பத்தோட டூர் போறீங்களா? விசா முதல் கசகசா வரை தெரிஞ்சுக்க வேண்டியவை என்ன?

சீனப் பண்பாட்டை நேர்ல பார்க்கணும்னா சீனாவுக்கே போகணும்னு இல்லை. புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டையில் இருந்து கிளம்பும் ஒரு குடும்பம், திருச்சி விமான நிலையத்தில் ஏறினால் சுமார் 4 மணி நேரத்தில் சிங்கப்பூரில் இறங்கிவிடலாம். அங்குள்ள குடிமக்கள், நிரந்தரவாசிகளில் நான்கில் மூன்று பங்கு பேர் சீனர்கள். தமிழும் ஆட்சிமொழி என்பதால் பெரியவர்களுக்கும் பயம் இல்லை.

புதுக்கோட்டை பக்கம் பல வீடுகளில் சிங்கப்பூர் என்றாலே சம்பாதிக்கப் போகும் ஊர்தான். சுற்றிப் பார்க்கப் போகும்போது விதிகள் வேறு. அதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் பணமும் போகும், பயணமும் கெடும்.

சைனாடவுனில் என்ன பார்க்கலாம்?

சைனாடவுனுக்கு மலாயில் ‘கிரேத்தா ஆயர்’ என்று பெயர். தண்ணீர் வண்டி என்று பொருள். சீனர்கள் அதையே ‘நியூ சே ஷுவே’, அதாவது மாட்டு வண்டித் தண்ணீர் என்கிறார்கள். ஒரு காலத்தில் அந்தப் பகுதிக்கு மாட்டு வண்டியில்தான் தண்ணீர் வந்தது.

இந்தச் சீனர் பகுதியின் நடுவிலேயே, சவுத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1827-ல் நாராயண பிள்ளை நிறுவிய இக்கோயில்தான் சிங்கப்பூரின் மிகப் பழமையான இந்துக் கோயில். பக்கத்துத் தெருவுக்கு ‘பகோடா ஸ்ட்ரீட்’ என்ற பெயர் வந்ததே இந்தக் கோயில் கோபுரத்தால்தான். சில அடி தூரத்தில், தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமியா சூலியா பள்ளிவாசலும் உண்டு.

அடுத்து நடந்தே போகக்கூடியது தெலுக் ஆயர் தெரு. அங்குள்ள தியான் ஹொக் கெங் கோயில், 1839 முதல் 1842 வரை ஹொக்கியன் சீனர்கள் கட்டியது. கப்பலில் வந்தவர்கள் பத்திரமாகக் கரை சேர்ந்ததற்கு, கடல் தெய்வமான மாசுவுக்கு நன்றி சொன்ன இடம் அது. அதே தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது. கடல் தாண்டிப் பிழைக்க வந்த சீனர்களும் தமிழர்களும் ஒரே தெருவில் நேர்த்திக்கடன் தீர்த்திருக்கிறார்கள்.

நேரம் இருந்தால் வாட்டர்லூ தெருவுக்கும் போகலாம். அங்கே குவான் இம் கோயிலும் கிருஷ்ணன் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. குவான் இம்மை வணங்கும் சீனர்கள், கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவதைப் பார்க்கலாம்.

சீனக் கோயிலில் எப்படி நடந்துக்கணும்?

வாசல்படியை மிதிக்காமல் தாண்டிப் போக வேண்டும். நம்ம ஊர் வழக்கம்தான். கும்பிடுபவர்களை முகத்துக்கு நேராகப் படம் எடுக்கக் கூடாது. படையலில் வைத்த பழங்களைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் என்ன கவனிக்கணும்?

உணவங்காடியில் எல்லாக் கடைக்கும் பொதுவாகத்தான் மேசைகள் இருக்கும். மேசையில் டிஷ்யூ பாக்கெட் இருந்தால், அந்த இடத்துக்கு ஆள் வந்தாச்சு என்று அர்த்தம். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்து வைக்க வேண்டும், இது 2021 முதல் கட்டாயம். குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றுவது போல் இருப்பதால் சீனர்கள் அதை அபசகுனமாக நினைப்பார்கள்.

காய்கறி நூடுல்ஸிலும் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். அதனால் கேட்டு வாங்குங்கள். பௌத்த சைவக் கடைகளில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது.

விசா எப்படி எடுப்பது?

இந்தியர்களுக்கு விசா கட்டாயம். அங்கீகரிக்கப்பட்ட முகவர் மூலம் எடுக்கலாம். இல்லாவிட்டால் சிங்கப்பூரில் இருக்கும் 21 வயது நிரம்பிய குடிமகனோ நிரந்தரவாசியோ உங்களுக்காக விண்ணப்பிக்கலாம். ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் அண்ணனோ மச்சானோ விண்ணப்பிக்க முடியாது. அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும்.

சிங்கப்பூரில் இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள், ‘எஸ்ஜி அரைவல் கார்டு’ படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை.

“டூரிஸ்ட் விசாவில் போய் வேலை பார்க்கலாம்” என்று சொன்னால்?

நம்பாதீங்க. உரிய அனுமதி இல்லாமல் வேலை செய்தால் 20,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். டூருக்குப் போகும் குடும்பத்தோடு ஒரு பையனைச் சேர்த்து அனுப்பி, அப்படியே வேலைக்கு விட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், சிக்கப்போவது அந்தப் பையன்தான்.

பெட்டியில் என்ன வைக்கக் கூடாது?

• வெற்றிலையோடு போடும் புகையிலை, குட்கா
• சூயிங்கம்
• இ-சிகரெட்
• கசகசா: அங்கே போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் சேர்ந்திருந்தால் அந்தப் பொடியையும் விட்டுச் செல்வதே நல்லது.

தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன்அனுமதி தேவைப்படும். மற்ற மாத்திரைகளுக்கும் டாக்டர் சீட்டு கையில் இருக்கட்டும்.

எப்போது போகலாம்?

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் சைனாடவுன் முழுக்கச் சிவப்பு விளக்குகள் ஜொலிக்கும். அடுத்த சீனப் புத்தாண்டு 2027 பிப்ரவரி 6. அன்றும் மறுநாளும் பல கடைகள் மூடியிருக்கும் என்பதால், முந்தைய வாரமே நல்லது. சீனர் வீட்டுக்குப் போனால் ஆரஞ்சுப் பழங்களை இரண்டாகக் கொடுங்கள், ஒற்றையாக வேண்டாம். கூட்டம் வேண்டாம் என்பவர்கள் தீபாவளிக்குச் சில நாள் முன்பு போகலாம். மாரியம்மன் கோயில் தீமிதியும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் நடக்கும்.