சிபில்ஸ் விருது

ஆங்கிலத்தில் வெளியாகும் சிறார், இளையோர் நூல்களுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் அமெரிக்க விருது. நடுவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியர், நூலகர், பெற்றோர் எனப் பல தரப்பினர். இவர்கள் சிறார் நூல்களுக்கு இணையத்தில் மதிப்புரை எழுதும் தன்னார்வலர்கள்.

2006-இல் ஆன் போல்ஸ் லெவியும் கெல்லி ஹெரால்டும் இதைத் தொடங்கினர். 1922 முதல் வழங்கப்படும் அமெரிக்கச் சிறார் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் பெரியவர்களின் ரசனைக்கே இடங்கொடுக்கிறது, வாக்கெடுப்பு விருதுகளோ விற்பனைப் புகழுக்குப் பின்னால் ஓடுகின்றன என்ற மனக்குறைதான் காரணம். குறையில் ஓரளவு நியாயமும் உண்டு.

வழக்கமாக அக்டோபர் முதல் பாதியில், பிரிவுக்கு ஒன்றாக எவரும் நூலைப் பரிந்துரைக்கலாம். பரிந்துரைகளைச் சலிக்கும் முதற்சுற்று நடுவர் குழுவின் பாடுதான் பெரும்பாடு. படப் புத்தகப் பிரிவில் நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் குவிந்துவிடும்; வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே அவற்றைப் படித்து, தமக்குள் வாதாடி, டிசம்பர் முடிவதற்குள் ஐந்து முதல் ஏழு நூல்களாகச் சுருக்க வேண்டும். ஜனவரி 1 அன்று குறும்பட்டியல் வெளியாகும். அதிலிருந்து வேறொரு நடுவர் குழு விருதுக்குத் தேர்ந்தெடுக்கும் நூல்கள் பிப்ரவரி 14 அன்று அறிவிக்கப்படுகின்றன.

இலக்கியத் தரம், சிறுவரை ஈர்க்கும் தன்மை என அளவுகோல்கள் இரண்டு. எவ்வளவு நடையழகு இருந்தாலும், பிள்ளைகள் பாதியில் மூடிவைக்கும் நூல் இங்கே தேறுவது கடினம்.