ஊர் வழக்கமா, ஆள் செய்ததா? மேலவளவு முதல் பாப்பாபட்டி வரை



மலர்க்குழுவில் என்னிடம் நம் வட்டாரத்து வரலாறு ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். கோவில், திருவிழா பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அதை எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் உள்ளாட்சித் தேர்தலால் நம் மதுரை மாவட்டத்தில் நடந்ததை எழுதுகிறேன். இன்று நம் கூட்டமைப்பில் இருக்கும் பெண்களில் பலர் வார்டு உறுப்பினராகவும் தலைவராகவும் நிற்கிறோம். நமக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்காரப் போனவருக்கு என்ன நடந்தது என்று இளம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

மேலூர் தாலுகா மேலவளவு ஊராட்சி. 1996 உள்ளாட்சித் தேர்தலில் அதன் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு என்று ஒதுக்கப்பட்டது. அந்தப் பக்கம் நிலம், கோவில் மரியாதை, கண்மாய் மீன் ஏலம் எல்லாமே காலங்காலமாகக் கள்ளர் சமூகத்துப் பெரியவர்கள் கையில். ஊராட்சித் தலைவர் என்றால் கையெழுத்து போடுகிறவர் மட்டுமில்லை, ஏலத்தில் நடுவே உட்காருகிறவர். அதனால்தான் அவ்வளவு கோபம். முதலில் மனு போட்டவர்கள் மிரட்டலில் வாபஸ் வாங்கினார்கள். வீடுகள் கொளுத்தப்பட்டன. மறுபடி தேர்தல் வைத்தபோது வாக்குப்பெட்டியையே தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் போலீஸ் பாதுகாப்போடு வாக்குப்பதிவு நடந்து முருகேசன் தலைவரானார்.

ஆறு மாதம்தான். 1997 ஜூன் 30-ஆம் தேதி, எரிந்த வீடுகளுக்கு நிவாரணம் கேட்டு மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு, முருகேசனும் கூட இருந்தவர்களும் பஸ்ஸில் திரும்பினார்கள். பஸ்ஸை மறித்து, பகலில், மற்ற பயணிகள் பார்க்கப் பார்க்க வெட்டினார்கள். முருகேசன், துணைத்தலைவர் மூக்கன் உட்பட ஆறு பேர் செத்தார்கள். முருகேசன் தலையைத் தனியாக எடுத்துக்கொண்டுபோய்க் கிணற்றில் போட்டார்கள். எழுதவே கை கூசுகிறது. ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால் வரலாறு ஆகாது.

அப்போது எனக்கு 22 வயது, மேலூர் பக்கம் வாக்கப்பட்டு வந்து ஒரு வருஷம். குழாயடியில் பேச்சு இரண்டு விதமாக இருந்தது. ஒரு பக்கம், "ஊர்க் கட்டுப்பாட்ட மீறுனா இப்படித்தான் ஆகும், காலங்காலமா உள்ள வழக்கம்." இன்னொரு பக்கம், "அந்தச் சாதியே அப்படித்தான்டி, ரத்தத்துலயே இருக்கு." ரெண்டும் எதிரும் புதிருமான பேச்சு மாதிரிதான் தெரியும். யோசித்துப் பார்த்தால் ரெண்டும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. வழக்கம் செய்தது என்றால் ஆள் தப்பித்தான். சாதி முழுசும் செய்தது என்றாலும் ஆள் தப்பித்தான். அரிவாளைப் பிடித்த கைக்குப் பெயரே இல்லாமல் போய்விடுகிறது.

பெயர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கீழவெண்மணி சாட்சி. 1968 டிசம்பர் 25 ராத்திரி, பழைய தஞ்சை மாவட்டத்தில், கூலி உயர்வு கேட்ட விவசாயக் கூலிகளின் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்தபோது தீ வைக்கப்பட்டது. 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ்க்கோர்ட்டில் தண்டனை வந்தது. 1973-ல் ஹைகோர்ட் மிராசுதார்களை விடுதலை செய்தது. அவ்வளவு பெரிய பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய் இதைச் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பதும் அதில் ஒரு காரணம். 44 பேர் செத்தார்கள், செய்தவர் என்று ஒருவரும் இல்லை.

மேலவளவு வழக்கு அப்படி ஆகவில்லை. விசாரணை சேலத்தில் நடந்தது. சாட்சிகள் கூண்டில் ஏறி, யார் வெட்டினான் என்று பெயர் சொன்னார்கள். அந்தச் சாட்சிகளும் அதே ஊருக்குத்தான் திரும்ப வேண்டும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குற்றம் சாட்டப்பட்ட 40 பேரில் 17 பேருக்கு 2001-ல் ஆயுள் தண்டனை. மற்றவர்களுக்கு விடுதலை. 2006-ல் ஹைகோர்ட்டும் 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் தண்டனையை உறுதி செய்தன. 2008-ல் மூன்று பேரும் 2019-ல் 13 பேரும் முன்கூட்டியே விடுதலையானது தனிக் கதை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் பதினேழு பெயர்கள் தீர்ப்பில் இருக்கின்றன. கள்ளர் சமூகம் என்று தீர்ப்பில் தண்டனை இல்லை. அந்தப் பதினேழு பேருக்குத்தான்.

"அப்போ வழக்கத்துக்குப் பங்கே இல்லையா அக்கா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. பட்டப்பகலில் பஸ்ஸை மறிக்கிற தைரியம் தனி ஆளுக்கு எங்கிருந்து வரும்? நாளைக்கு ஊரே நம்மைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையில்தான் வரும். அந்த நம்பிக்கையை வெட்டினவர்கள் மட்டும் உண்டாக்கவில்லை. தலைவரை ஆபீசில் உட்கார விடாதபோது சும்மா இருந்தவர், தனி டம்ளர் வைத்த டீக்கடைக்காரர், எல்லோரும் சேர்ந்து வளர்த்தது. வீட்டில் தனி டம்ளர் வைக்கிறது யார், ஆம்பளைகளா? அடுப்படி நம்ம கையில்தானே இருக்கிறது.

நமக்கு இது புரியாத கணக்கு இல்லை. பாங்கில் கடன் வாங்கும்போது குழு மொத்தமும் பொறுப்பு என்று கையெழுத்து போடுகிறோம். அதற்காக லெட்ஜரில் ஆளுக்கொரு பக்கம் வேண்டாம் என்று சொல்கிறோமா? சாந்தி கட்டாத தவணை சாந்தி பெயரில்தான் நிற்கும். அதே நேரம், அவள் மூன்று மாதம் கட்டாதபோது கேட்காமல் இருந்த குழுவுக்கும் கேள்வி உண்டு. ஒரு பொறுப்பு இன்னொன்றைக் கழிப்பதில்லை.

இனி பாப்பாபட்டிக்கு வருகிறேன். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். இந்த நான்கு ஊராட்சிகளும் 1996-ல் ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டவை. பத்து வருஷம் அங்கே நிலைத்த தலைவர் இல்லை. தேர்தல் அறிவிப்பார்கள், மனு வராது. வந்தாலும் ஊர்ப் பெரியவர்கள் நிறுத்தின ஆள் ஜெயித்து, உடனே ராஜினாமா எழுதிக் கொடுப்பார். திரும்பத் திரும்ப இதுதான். "அது அந்த ஊர் வழக்கம், மாத்தவே முடியாது" என்று அதிகாரிகளே பேசினார்கள்.

2006 அக்டோபரில் மாறியது. கலெக்டராக இருந்த உதயச்சந்திரனும் அதிகாரிகளும் ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். கட்சிகளும் தலித் இயக்கங்களும் விடாமல் நெருக்கின. தேர்தல் நடந்தது, ஜெயித்தவர்கள் ராஜினாமா செய்யவில்லை. அரசு சென்னையில் சமத்துவப் பெருவிழா என்று நடத்தி அந்தத் தலைவர்களுக்கு மரியாதை செய்தது. 2021 அக்டோபர் 2-ஆம் தேதி பாப்பாபட்டி கிராமசபையில் முதலமைச்சர் ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று. பத்து வருஷத்தில் அந்த ஊர்களின் வழக்கமோ, சாதியோ, சாமியோ மாறவில்லை. அதே ஆட்கள்தான். மனு போட்டவர் போட முடிவு செய்தார். "சரி, நடக்கட்டும்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். பிடிக்காமல்தான் சிலர் சொல்லியிருப்பார்கள், பரவாயில்லை. பிடிக்காமல் விட்டுக்கொடுத்தாலும் அதுவும் ஒரு ஆள் எடுத்த முடிவுதான். அப்படியென்றால் 1997-ல் அந்தப் பதினேழு பேரும் வேறு முடிவு எடுத்திருக்க முடியும்.

பெண்களுக்கு 2016-ல் உள்ளாட்சியில் 50 சதவீதம் வந்துவிட்டது. இப்போது அரிவாள் வருவதில்லை, வீட்டுக்காரர் வருகிறார். தலைவர் பெண், நாற்காலியில் அவர் புருஷன். கேட்டால், "எங்க பக்கம் வழக்கம்" என்பார்கள். நான் பார்த்த ஒரு ஊராட்சியில் தலைவியம்மா மூன்றாவது கூட்டத்தில், "நீங்க வெளிய உக்காருங்க, நான் கையெழுத்து போட்டுட்டு வர்றேன்" என்று புருஷனிடம் சொன்னார். அவர் எழுந்து போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். அன்றைய தீர்மானப் புத்தகத்தில் ஒன்பது பேர் கையெழுத்து இருக்கிறது, ஒன்பதும் உறுப்பினர்களுடையது.