என்பும் உலோகமும்: செயற்கைப் பல்வேரின் வரலாறு

இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடையென்பினுள் உலோக வேரொன்றைப் பதித்து, அதன்மீது செயற்கைப் பல்லைப் பொருத்தும் முறை இன்று உலகெங்கும் வழக்கிலுள்ளது. இம்பிளாண்ட் எனப் பல் வைத்தியர் வழங்கும் இப்பதியத்தின் வரலாறு பெரும்பாலும் ஒரு தற்செயல் நிகழ்ச்சியின் கதையாகவே கூறப்படுகின்றது. 1952ஆம் ஆண்டளவில், சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்னும் இளம் ஆய்வாளர், முயலின் காலென்பில் தைத்தேனியத்தாலான சிறு நோக்கறையொன்றைப் பதித்து, என்பு மச்சையின் குருதியோட்டத்தை நுணுக்குக்காட்டி வழியே ஆராய்ந்தார். ஆய்வு முடிந்தபின் அக்கருவியை மீளப் பெற முயன்றபோது என்பு அதனை விடவில்லை.

இக்கதை உண்மையே. ஆயினும் இதனை மட்டும் கொண்டு வரலாற்றை விளக்கிவிட முடியாது. விலங்குகளின் என்பு தைத்தேனியத்தைப் பற்றிக்கொள்வதை 1940இல் பொதே முதலானோரும், 1951இல் லெவந்தால் என்பாரும் ஏற்கெனவே கண்டு எழுதியிருந்தனர். அவர்கள் கண்டது பல் வைத்தியத்தை மாற்றவில்லை. பிரோனமார்க் கண்டது மாற்றியது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உலோகத்தில் இல்லை. அதனைக் கையாண்ட முறையிலேயே உள்ளது.

தாடையில் அந்நியப் பொருளைப் பதிக்கும் முயற்சி மிகப் பழையது. 1931இல் ஹொண்டுராஸ் நாட்டில் பொப்பினோ தம்பதியர் அகழ்ந்தெடுத்த கீழ்த்தாடையொன்றில், மூன்று முன்பற்களின் இடத்தில் பல் வடிவாகச் செதுக்கிய சிப்பித் துண்டுகள் காணப்பட்டன. அது மாயா நாகரிகத்தைச் சார்ந்தது, ஏறத்தாழ கி.பி. 600ஆம் ஆண்டினது எனக் கணிக்கப்பட்டது. இறந்தவருக்குச் செய்த அலங்காரம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1970இல் பிரேசிலைச் சேர்ந்த பொபியோ என்பார் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களோ, சிப்பியைச் சூழப் புதிய என்பு வளர்ந்திருந்ததைக் காட்டின. அம்மனிதர் உயிரோடிருக்கையிலேயே அவை பதிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பா வேறொரு வழியை நாடியது. செல்வரின் வாயில் நடுவதற்காக ஏழை இளைஞரின் பற்கள் காசுக்குப் பிடுங்கப்பட்டன. பெயர்பெற்ற சத்திர வைத்தியரான ஜோன் ஹன்டரே இம்முறைக்குத் தம் மதிப்பை அளித்தார்; மனிதப் பல்லைச் சேவலின் கொண்டையில் நட்டும் பார்த்தார். நட்ட பற்கள் நெடுநாள் நிலைக்கவில்லை. நோய்கள் உடன் தொற்றின என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. 1787இல் ரோலன்ட்சன் வரைந்த கேலிச் சித்திரம், அக்கால மனச்சாட்சியும் இதனால் உறுத்தப்பட்டது என்பதற்குச் சான்று.

1809இல் மஜோலோ பொன்னாலான வேரைப் பதித்தார். முரசு அழன்று வீங்கியது. 1930களின் பிற்பகுதியில் பொஸ்டன் நகரில் ஸ்ட்ரொக் என்பார் கோபாற்று, குரோமியக் கலப்புலோகத் திருகாணிகளைப் பதித்து ஓரளவு வெற்றி கண்டார். 1960களில் லின்கோவின் தகட்டு வடிவப் பதியங்கள் பரவின. இவற்றுட் பலவற்றுக்குப் பொதுவான குறையொன்று இருந்தது. பதித்த சிறிது காலத்துள் அவற்றின்மீது பல் பொருத்தப்பட்டு மெல்லும் பாரம் ஏற்றப்பட்டது. ஆறாத காயத்தில் அசைந்த உலோகத்தைச் சுற்றி என்பு வளராது நாரிழையம் வளர்ந்தது. இயற்கைப் பல்லையும் என்பையும் இணைக்கும் நார்களுக்கு இது ஈடானது என்று சிலர் வாதிட்டனர். குறையையே குணமாகக் கொண்ட இவ்வாதம் எத்தனையோ நோயாளரின் தாடையென்பைத் தேய்த்தது.

தைத்தேனியம் வளியில் பட்டவுடன் மெல்லிய ஒட்சைட்டுப் படையொன்றால் தன்னை மூடிக்கொள்ளும். உடலிழையம் எதிர்கொள்வது இப்படையையே. (டைட்டேனியம் என்றும் வழங்கப்படும் இவ்வுலோகத்தின் தாதுக்களான இல்மனைற்றும் உரூத்தைலும் நமது புல்மோட்டைக் கடற்கரை மணலில் நிறைந்துள்ளன.) ஆயினும் இவ்வுலோகத்தையும் அவசரமாகப் பதித்தால் அது தோல்வியுறும். பிரோனமார்க் கோதன்பேர்க்கில் நாய்களில் நடத்திய பரிசோதனைகளின் பின் வகுத்த ஒழுங்கு அவசரத்துக்கு நேர் எதிரானது. என்பை மெதுவாகவும் நீரூற்றிக் குளிர்வித்தும் துளைக்க வேண்டும். பதியத்தை முரசால் மூடித் தைத்துவிட வேண்டும். கீழ்த்தாடையில் மூன்று மாதமும் மேற்றாடையில் ஆறு மாதமும் காத்திருந்த பின்னரே அதனைத் திறந்து பல்லைப் பொருத்த வேண்டும். குளிர்விப்பதன் காரணத்தை 1983இல் எரிக்சன், அல்பிரெக்ற்சன் இருவரும் முயலில் அளந்து காட்டினர்: 47 பாகை சென்ரிகிரேட் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே என்பு பாதிப்புறும்.

1965இல், தாடைக் குறைபாட்டால் பல்லின்றி வருந்திய ஒருவருக்கு இம்முறையில் முதன்முதலாகப் பதியங்கள் வைக்கப்பட்டன. அவர் 2006இல் இறக்கும்வரை அவை பயன்பட்டன. எனினும் சுவீடனின் பல் வைத்திய உலகம் பிரோனமார்க்கை இலகுவில் ஏற்கவில்லை. அவர் பல் வைத்தியரும் அல்லர். இடையில் நாரிழையம் இன்றி என்பு உலோகத்தைத் தொடுகின்றதா என்பதே பெரும் சர்ச்சையாயிற்று. உலோகத்தையும் என்பையும் ஒருங்கே மெல்லிதாக அரியும் வழி அப்போது அவரிடம் இல்லை. சுவிற்சர்லாந்தின் ஷ்ரோடர் குழுவினர் 1970களின் நடுப்பகுதியில் அவ்வாறு அரிந்து, நேரடித் தொடர்பை நுணுக்குக்காட்டியில் காட்டினர். ஒருவர் மற்றவரின் போட்டியாளராயினும் ஒருவரின் சான்று மற்றவருக்குத் துணையாயிற்று.

1981இல் அடெல் முதலானோர் 371 நோயாளருக்கு வைத்த 2,768 பதியங்களின் பதினைந்தாண்டுப் பதிவுகளை வெளியிட்டனர். ஐந்து முதல் ஒன்பது ஆண்டு வரை அவதானிக்கப்பட்டவற்றுள் மேற்றாடையில் நூற்றுக்கு 81உம், கீழ்த்தாடையில் 91உம் உறுதியாக நின்றன. விழுந்தவற்றையும் மறைக்காது எண்ணியதே இவ்வறிக்கையின் பெருமை. 1982இல் ஜோர்ஜ் சார்ப் தொரன்ரோவில் கூட்டிய மாநாட்டின் பின்னர் வட அமெரிக்காவும் இம்முறையை ஏற்றது.

இன்று மேற்பரப்பைக் கரடாக்கிய பதியங்கள் வந்துள்ளன. காத்திருக்கும் காலமும் தகுந்த இடங்களிற் குறைக்கப்பட்டுள்ளது. ஆயின் பதியத்தைப் பேணுவதில் அவசரத்தின் மறுவடிவமான அசட்டை புகுந்துவிட்டது. உலோகம் சொத்தையாகாது என்பதால் அதற்குத் துப்புரவு தேவையில்லை என்று எண்ணுவோர் உளர். இயற்கைப் பல்லின் வேரில் முரசின் நார்கள் குறுக்காக ஊன்றி நின்று காவல் செய்கின்றன. பதியத்தின் பக்கத்திலோ அவை பெரும்பாலும் அதன் மேற்பரப்புக்கு இணையாகவே ஓடுகின்றன. எனவே ஊத்தைப் படலத்தில் வளரும் பற்றீரியாக்கள் விளைக்கும் அழற்சி இலகுவாக உள்ளிறங்கும். முரசளவில் நிற்கும்போது அதனைத் துப்புரவால் மீட்கலாம். என்பைத் தொட்டபின் இழந்த என்பை முழுமையாக மீளப் பெறுதல் அரிது. புகைப்போரும், முன்னரே முரசு நோயாற் பல்லிழந்தோரும், கட்டுப்படாத நீரிழிவுடையோரும் இதற்கு எளிதில் ஆளாவர்.

ஆகவே நாளாந்தம் தூரிகையால் துலக்குவதோடு, பல்லிடுக்குத் தூரிகையாலோ நூலாலோ பதியத்தின் கழுத்தைச் சுற்றியும் சுத்தஞ் செய்தல் வேண்டும். என்புடன் இறுக இணைந்த பதியம், மேற்பகுதியில் என்பு பாதி தேய்ந்தபோதும் அசையாது; பெரும்பாலும் வலிப்பதுமில்லை. பல் பொருத்திய காலத்து எக்ஸ் கதிர்ப் படத்தை வைத்தியர் பேணி வைத்து, பின்னர் எடுக்கும் படங்களோடு ஒப்பிடுவதும், முரசின் ஆழத்தையும் குருதிக் கசிவையும் ஒழுங்காகச் சோதிப்பதும் அதனாலேயே.