வாசலில் நிற்கும் சகோதரன்



போன மாதம் எழும்பூரில் இருக்கும் ஃப்ரீமேசன் ஹால் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். பின்னூட்டத்தில் உங்களில் சிலர், "சார், புதிதாகச் சேர்ந்தவர் வேறு ஊர் லாட்ஜுக்குப் போனால் வாசலிலேயே நிறுத்திச் சோதிப்பார்களாமே, அது எதற்கு?" என்று கேட்டிருந்தீர்கள். நான் அந்த அமைப்பில் உறுப்பினன் அல்ல. ஆனால் நல்ல கேள்வியை விட்டுவிட ஒரு வரலாற்று வாத்தியாருக்கு மனம் வருமா?

முதலில் ஒரு விளக்கம். லாட்ஜ் என்றதும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரூம் எடுக்கும் லாட்ஜை நினைத்துவிடாதீர்கள். பழைய காலத்தில் கோயிலோ கோட்டையோ கட்டும் இடத்தில் கல்தச்சர்கள் வேலை செய்யவும் ஓய்வெடுக்கவும் போட்டுக்கொண்ட கொட்டகைக்குத்தான் ஐரோப்பாவில் லாட்ஜ் என்று பெயர். பிறகு அங்கே கூடும் கூட்டத்துக்கே அந்தப் பெயர் வந்தது.

கல்தச்சர் ஒரே ஊரில் இருந்து பிழைக்க முடியாது. கட்டடம் எங்கே எழுகிறதோ அங்கே போக வேண்டும். முன்பின் தெரியாத ஒருவன் வந்து "நானும் தச்சன்தான்" என்றால் எப்படி நம்புவது? இன்றுபோல் சான்றிதழ் கிடையாது. அதனால் ஸ்காட்லாந்தின் கல்தச்சர்கள் தங்களுக்குள் ஒரு ரகசியச் சொல்லையும் கைகுலுக்கும் முறையையும் வைத்திருந்தார்கள். வந்தவன் முறையாகத் தொழில் கற்றவன் என்பதற்கு அதுவே அத்தாட்சி. எடின்பரோ லாட்ஜின் கூட்டக் குறிப்பேடு 1599 முதல் இன்றும் இருக்கிறது.

நாளடைவில் கல்லைத் தொட்டே பார்க்காத கனவான்களும் இதில் சேர்ந்தார்கள். 1717 ஜூன் 24 அன்று லண்டனில் ஒரு மதுக்கூடத்தில் நான்கு லாட்ஜ்கள் கூடி முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்தன. உளியும் சுத்தியலும் அடையாளச் சின்னங்களாயின. வாசல் சோதனை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இன்றும் புது உறுப்பினர் இன்னொரு லாட்ஜுக்குப் போனால் சான்றிதழைக் காட்ட வேண்டும். தெரிந்த ஒருவர் அவருக்காகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தேற வேண்டும். முதல் படியில் இருப்பவர் முதல் படிக்குரிய கூட்டத்தில்தான் உட்காரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய கிராண்ட் லாட்ஜை இவர்களுடைய கிராண்ட் லாட்ஜ் அங்கீகரித்திருக்க வேண்டும். கேட்க வெறும் ஆபீஸ் நடைமுறை போலத் தோன்றும் இந்தக் கடைசி விதியில்தான் இருநூறு வருடக் கண்ணீர் இருக்கிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிரின்ஸ் ஹால் என்று ஒரு கறுப்பினத்தவர் இருந்தார். தோல் பதனிடும் தொழில் செய்தவர். அவரும் வேறு பதினான்கு கறுப்பினத்தவரும் ஃப்ரீமேசன்களாகச் சேர்க்கப்பட்டார்கள். 1775 மார்ச் 6 என்று அவர்கள் வழிவழியாகக் கொண்டாடும் நாள் அது. அவர்களைச் சேர்த்தது உள்ளூர் வெள்ளையர் லாட்ஜ் அல்ல. பிரிட்டிஷ் படைப்பிரிவோடு வந்திருந்த ஓர் ஐரிஷ் லாட்ஜ். போர் வந்து படை போய்விட்டது. இவர்கள் கூடலாம், இறந்த சகோதரரை அடக்கம் செய்யலாம், புதியவரைச் சேர்க்க மட்டும் கூடாது என்ற அரைகுறை அனுமதியோடு நின்றார்கள். லண்டனுக்கு எழுதினார் ஹால். 1784இல் எழுதப்பட்ட அனுமதிப் பத்திரம் 1787 ஏப்ரலில்தான் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தது. ஆப்பிரிக்கன் லாட்ஜ், எண் 459.

அதே 1770களில் நம் திருச்சியிலும் ஒருவர் ஃப்ரீமேசன் ஆனார். ஆற்காடு நவாப் முகமது அலியின் மூத்த மகன் உம்தத்-உல்-உம்ரா. அவருக்கு லண்டன் கிராண்ட் லாட்ஜே பரிசு அனுப்பி வாழ்த்தியது. பிறப்பால் இளவரசர் ஒருவர், பெயரில் மட்டும் பிரின்ஸ் ஒருவர். இரண்டு வரவேற்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1788 பிப்ரவரியில் பாஸ்டன் துறைமுகத்தில் மூன்று சுதந்திரமான கறுப்பினத்தவரை வேலை என்று ஆசை காட்டிக் கப்பலில் ஏற்றி, மேற்கிந்தியத் தீவுக்குக் கடத்திப் போனார்கள், அடிமைகளாக விற்பதற்கு. பிரின்ஸ் ஹாலும் நண்பர்களும் சட்டமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். மார்ச் மாதமே மாசசூசெட்ஸ் மாநிலம் அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் ஜான் ஹான்காக் தீவுகளுக்குக் கடிதம் எழுதினார்.

இதில் என்னை நெகிழ வைப்பது, அக்காலத்துப் பாஸ்டன் பாதிரியாரும் வரலாற்றாசிரியருமான ஜெரமி பெல்னாப் எழுதி வைத்த ஒரு செய்தி. பிடிபட்டவர்களில் ஒருவர் ஃப்ரீமேசன். அவர்களை விலைக்கு வாங்கச் சொல்லி எந்த வியாபாரியிடம் கொண்டு நிறுத்தினார்களோ, அவரும் ஃப்ரீமேசன். இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். இவர் தன் கதையைச் சொன்னார். விஷயம் தீவின் ஆளுநர்வரை போயிற்று. ஜூலையில் மூவரும் ஊர் திரும்பினார்கள். தெரியாத ஊரில் தொழிலாளி பிழைப்பதற்காக ஏற்பட்ட பழக்கம், அன்றைக்கு மனிதரைச் சந்தையிலிருந்து மீட்க உதவியது.

அப்படிப்பட்டவர் திரும்பி வந்து பாஸ்டனில் வெள்ளையர் லாட்ஜின் கதவைத் தட்டினால் உள்ளே சகோதரனாக உட்கார முடியாது. ஒரு மாநிலத்துக்கு ஒரே கிராண்ட் லாட்ஜ்தான், ஆகவே உங்களுடையது செல்லாது என்று பின்னாளில் காரணமும் சொன்னார்கள். பிரின்ஸ் ஹால் 1807இல் காலமானார். அவர் பெயரிலேயே தனி லாட்ஜ்கள் வளர்ந்தன. நீதிபதி தர்குட் மார்ஷல், இசைமேதை டியூக் எலிங்டன் எல்லாம் அந்த மரபில் வந்தவர்கள்தாம்.

வெள்ளையரிலும் நியாயம் பேசியவர் இல்லாமல் போகவில்லை. 1898இல் வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டு கறுப்பின மேசன்கள் விண்ணப்பித்தார்கள். வில்லியம் அப்டன் என்பவர் பழைய ஆவணங்களை ஆராய்ந்து, இவர்கள் வழி சரியான வழிதான் என்று நிறுவினார். அவருடைய கிராண்ட் லாட்ஜும் ஒப்புக்கொண்டது. உடனே மற்ற மாநிலங்களின் கிராண்ட் லாட்ஜ்கள் பல வாஷிங்டனோடு உறவை முறித்தன. அதாவது, வாஷிங்டன் உறுப்பினர் இனி எங்கள் வாசலுக்கு வரக்கூடாது! அடுத்த வருடமே அந்த முடிவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. விருந்தினரை வரவேற்கும் உரிமையே அச்சுறுத்தும் ஆயுதமாயிற்று.

1989இல் கனெக்டிகட் மாநிலம் பிரின்ஸ் ஹால் கிராண்ட் லாட்ஜை அங்கீகரித்தது. 1994இல் இங்கிலாந்தும் அங்கீகாரம் அளித்தது. பிறகு பெரும்பாலான மாநிலங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சில இடங்களில், "அங்கீகாரம் உண்டு, ஆனால் ஒருவர் லாட்ஜுக்கு மற்றவர் வருவது மட்டும் இப்போதைக்கு வேண்டாம்" என்று ஒரு நடுநிலையும் இருந்தது. கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் பந்திக்கு வராதே என்பது போல! ஏட்டில் சகோதரன் என்று எழுதுவது சுலபம் பிள்ளைகளே. அவன் வந்து கதவைத் தட்டும்போது பக்கத்து நாற்காலியைக் காட்டுவதில்தான் அந்தச் சொல் மெய்யாகிறது.

அப்டன் 1906இல் இறந்தார். கறுப்பினச் சகோதரரும் வெள்ளைச் சகோதரரும் ஒன்றாக வந்து நிற்கும் நாள்வரை என் கல்லறைக்கு நினைவுக்கல் வைக்க வேண்டாம் என்று உயில் எழுதியிருந்தார். 1991இல் இரண்டு கிராண்ட் லாட்ஜ்களும் சேர்ந்து வந்து அந்தக் கல்லை நாட்டின. எண்பத்தைந்து வருடம் அவருடைய கல்லறை பெயரில்லாமல் காத்திருந்தது.

படித்தவர்கள் உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள்.