நிறையா, நீளமா? கடல்மீன் பிடிப்பு வரம்பை எதன்மேல் வைப்பது

2025 நவம்பரில் மத்திய அரசு தனிப் பொருளாதார மண்டலத்துக்கான புதிய மீன்பிடி விதிகளை அறிவித்தது. எல்.இ.டி. விளக்கு போட்டுப் பிடிப்பதும் இரட்டைமடி இழுப்பதும் தடை செய்யப்பட்டன. விசைப்படகுகளும் பெரிய எந்திரப் படகுகளும் இணையவழி அனுமதிச் சீட்டு பெற்றாக வேண்டும்; பாரம்பரியச் சிறு படகுகளுக்கு விலக்கு உண்டு. மீன் இனங்களுக்குக் குறைந்தபட்சப் பிடிநீளம் நிர்ணயிக்கப்படும் என்பதும் அந்த அறிவிப்பில் அடக்கம். செய்தித்தாள்கள் விளக்கையும் அனுமதிச் சீட்டையும் பற்றி எழுதின. பிடிநீளத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. அந்த விதிகளில் உருப்படியான பகுதி அதுதான் என்பது என் கருத்து. இனத்துக்கு இத்தனை டன் என்று ஆண்டு உச்சவரம்பு வைத்து, அதைப் படகுகளுக்குப் பங்கிடும் கோட்டா முறையை இந்தியாவும் கைக்கொள்ள வேண்டும் என்று சொல்வோர் உண்டு. நம் கரைக்கடலுக்கு அது ஒத்துவராது. இங்கே வரம்பை நிறையின் மேல் வைப்பதைவிட மீனின் உடம்பின் மேல் வைப்பதே பொருந்தும்.

கோட்டாவுக்கு ஆதரவாகப் பேசுவோர் ஐஸ்லாந்தையும் நார்வேயையும் காட்டுவார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே வடக்குக் காட் மீனின் பிடிப்பு 1968இல் 8 லட்சம் டன்னைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு அயல்நாட்டுக் கப்பல்களுடையது. 1977இல் கனடா 200 கடல்மைல் எல்லையை நிறுவி அவற்றை வெளியேற்றியது. அதன்பின் ஆண்டுதோறும் அறிவியலாளர்கள் இருப்பைக் கணித்தார்கள், அரசு மொத்தப் பிடிப்பளவை அறிவித்தது, கப்பல்கள் அதற்குள் நின்று பிடித்தன. உலகில் அப்போது இருந்த மிக ஒழுங்கான ஏற்பாடுகளில் அதுவும் ஒன்று. 1989இல் வரம்பு 2,35,000 டன். 1992 ஜூலை 2 அன்று மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி அந்த மீன்பிடிப்பையே மூடினார். சுமார் 30,000 பேரின் பிழைப்பு போயிற்று.

கோளாறு வரம்பில் இல்லை, கணக்கில் இருந்தது. இருப்பைக் கணிக்க உதவிய தரவுகளில் ஒன்று, இழுவைக் கப்பல்கள் மணிக்கு எவ்வளவு பிடித்தன என்பது. மீன் குறையக் குறைய எஞ்சியவை ஓரிடத்தில் நெருங்கிக் கூடின. கருவிகள் அந்தக் கூட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தன. கடல் காலியாகிக்கொண்டிருந்தபோதும் மணிக்கான பிடிப்பு குறையவில்லை. கரையோரம் பொறிவலை வைத்துப் பிடித்தவர்களோ 1980களின் நடுவிலேயே முறையிடத் தொடங்கிவிட்டார்கள்: மீன் வருவது குறைகிறது, வருவதும் சிறுத்துப்போய் வருகிறது என்று. 1986இல் அவர்களுடைய சங்கம் சொந்தச் செலவில் ஓர் ஆய்வையும் செய்வித்தது. தராசு பொய் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அளவுகோல் உண்மை சொன்னது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அந்தத் தடை நீங்க 32 ஆண்டுகள் ஆயின. 2024இல் 18,000 டன் வரம்போடு மீண்டும் திறந்தார்கள். அடுத்த ஆண்டே அதை 38,000 டன்னாக உயர்த்தினார்கள். அந்த உயர்வு அவசரப்பட்டதா என்ற வாதம் அங்கே இன்னும் ஓயவில்லை.

ஒரே இனம், எண்ணக்கூடிய கப்பல்கள், எண்ணக்கூடிய துறைமுகங்கள். இவை மூன்றும் இருந்த இடத்திலேயே டன் கணக்கு இப்படிக் கைவிட்டது. நம் கரைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 600க்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் இருக்கின்றன. படகு ஏறும் இடமெல்லாம் மீன் இறங்கும் இடம்தான். ஒரே மடியில் இறாலும் வாளையும் சங்கராவும் நண்டும் கணவாயும் சேர்ந்து வரும். மீன் கைமாறுவது கூடையாக, பெட்டியாக, கூறாக. ஏலக்காரர் குவியலைப் பார்த்து விலை கூறுகிறார். ‘இன்றைக்குப் பாடு எப்படி?’ என்று கேட்டால் பதில் ரூபாயில் வரும், இல்லையேல் பெட்டியில் வரும். டன்னில் வராது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 2024இல் நாட்டின் கடல்மீன் வரத்து 34.7 லட்சம் டன் என்று சொல்கிறதென்றால், அது மாதிரி எடுத்துப் பெருக்கிய மதிப்பீடு. போக்கைத் தெரிந்துகொள்ள அது போதும், அந்த வகையில் அது மதிப்புமிக்க வேலையும்கூட. ஆனால் ஒரு படகைப் பார்த்து ‘உன் பங்கு முடிந்துவிட்டது, கரையேறு’ என்று சொல்ல அது உதவாது. எண்ணவே முடியாத ஒன்றைப் பங்கிடப்போனால், பங்கு கடைசியில் யாரிடம் எழுத்தும் கணக்கும் இருக்கிறதோ அவர்களிடம்தான் போய்ச் சேரும்.

நம்மிடம் ஏற்கெனவே நிலைத்துவிட்ட விதிகளைப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் விசைப்படகுகளைக் கரையிலிருந்து 3 கடல்மைலுக்கு அப்பால் நிறுத்தியது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று ஒரு முறை. இவற்றுள் ஒழுங்காக நடப்பவை எவை? தடைக்காலமும் நாள்முறையும். கரையிலிருந்து இத்தனை மைல் என்னும் தொலைவு விதி எப்போதும் தகராறில்தான் இருக்கிறது. காரணம் எளிது. இன்று எந்தப் படகு கடலில் இருக்கிறது என்பது கரையில் நிற்கும் எவருக்கும் தெரியும். அது எத்தனையாவது மைலில் மடி இழுக்கிறது என்பது தெரியாது. அதிகாரியை நம்பாமல், ஊரே கண்ணால் சரிபார்க்கக்கூடிய விதிதான் இங்கே உயிரோடு இருக்கிறது. மீனின் நீளம் அப்படிப்பட்ட ஒன்று. ஓர் அடிக்கோல் போதும். சற்றுப் பழகிய கைக்கு அதுவும் வேண்டாம்.

இது வெறும் யூகமில்லை. கேரளம் 2015இல் 14 இனங்களுக்குக் குறைந்தபட்சப் பிடிநீளம் அறிவித்தது. பிறகு பட்டியலை 58ஆக விரித்தது. மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ., கிளிமீனுக்கு 12 செ.மீ. கிளிமீன் என்பது நம் சந்தையில் சங்கரா என்று விற்கும் மீனின் இனம்தான். விதி வந்தபின் கேரளத்தில் கிளிமீன் வரத்து 41 விழுக்காடு கூடியதாக மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கணித்துள்ளது. மகாராஷ்டிரமும் 2023இல் 54 இனங்களுக்கு இதே வழியைப் பின்பற்றியது.

கிளிமீனின் வெற்றியை எல்லா மீனுக்கும் நீட்டிவிடக் கூடாது. மத்தியை எடுத்துக்கொள்வோம். கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் இறங்கிய மத்தி, 2021இல் 3,297 டன்னாகச் சுருங்கியது. விதி ஆறு ஆண்டுகளாக நடப்பில் இருந்தும் இந்த வீழ்ச்சி. மத்தி கடலின் வெப்பத்துக்கும் மழைக்கும் ஆடும் மீன். மிதவை உயிர்கள் தழைக்காத ஆண்டில் அதுவும் தழைக்காது. எந்தச் சட்டத்துக்கும் அங்கே வேலை குறைவு. தவிர, மத்தி முதலில் சினை பிடிப்பது ஏறத்தாழ 14, 15 செ.மீ. நீளத்தில். சட்டம் வைத்திருப்பதோ 10. இது உயிரியல் தந்த எண்ணில்லை, பேரம் பேசி வந்த எண். பேரம் பேசியது தவறென்று நான் சொல்லமாட்டேன். 15 என்று வைத்திருந்தால் விதி முதல் மாதமே செத்திருக்கும். ஆனால் அந்த எண்ணைக் கல்வெட்டாக்கிவிடக் கூடாது. படிப்படியாக உயர்த்தும் கால அட்டவணையைச் சட்டத்திலேயே எழுதிவைக்கலாம்.

பிடிநீளத்துக்கு எதிரான வலுவான வாதம் வேறொன்று. இழுவைமடி கப்பலேறும்போது மீன் செத்துத்தான் வருகிறது. குட்டியைக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது என்றால் கடலிலேயே கொட்டிவிட்டு வருவார்கள், அவ்வளவுதானே? உண்மைதான். ஆகவே நீளவிதி தனியே நிற்காது, வலையின் கண்ணியோடு சேர்ந்துதான் நிற்கும். தமிழக மீன்துறை வலியுறுத்துவது மடியின் வால்பையில் 40 மி.மீ. சதுரக் கண்ணி. ஏன் சதுரம்? வெங்காயம் கட்டிவரும் வலைப்பையின் இரு முனையையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். சாய்சதுரமாக இருந்த கண்கள் கோடாக ஒடுங்கிவிடும், 40 மி.மீ. என்று எழுதியிருந்தாலும் விரல் நுழையாது. இழுவையில் மீன் சேரச் சேரப் பைக்கும் அதே கதிதான். வலையைத் திருப்பி, கண்கள் இழுவையின் திசைக்கு நேராகச் சதுரமாக நிற்கும்படி வைத்துத் தைத்தால் சுமையேறினாலும் அவை திறந்தே இருக்கும், குட்டி மீன் வெளியேறிவிடும். தையல் மாற்றம்தான், பெரிய செலவில்லை. ஆனால் குட்டி வெளியேறும் வழியே சிறு இறாலும் கொஞ்சம் வெளியேறும். அந்த இழப்பை அன்றைக்கே சுமப்பவர் படகுக்காரர். வளர்ந்த மீனால் வரும் ஆதாயமோ ஆறு மாதம் கழித்து, யாரோ ஒருவர் மடியில். விதி மீறப்படுவதன் முழுக்காரணமும் இதற்குள் இருக்கிறது.

இந்தக் கணக்கை இன்னும் கெடுப்பது சங்காயம். இராமேசுவரம் முதல் நாகப்பட்டினம் வரை, தின்ன உதவாத சிறுமீன் குவியலுக்கு அதுதான் பெயர். ஒரு காலத்தில் கடலில் கொட்டப்பட்டதும் கருவாட்டுக்குப் போனதும் இப்போது மீன்தூள் ஆலைக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது. படகிலிருந்து மண்வெட்டியால் வாரிக் கொட்டும் அந்தக் குவியலைக் கிளறிப் பார்த்தால், காரப்பொடியைப் போல வளர்ந்தாலும் சிறிதாகவே இருக்கும் மீனும் கிடக்கும், விரல்நீளச் சங்கராவும் வாளைக் குஞ்சும் கிடக்கும். ஆலைக்கு இரண்டும் ஒன்றே. டீசல் செலவில் ஒரு பகுதியை அந்தக் காசு ஈடுகட்டுவதால் சின்னக் கண்ணியே இலாபமாகிவிடுகிறது.

ஆக, அளவுகோலை எங்கே வைப்பது என்பதே முக்கியம். கூடை தூக்கி விற்கும் பெண்களிடம் நீட்டினால் அது அநியாயம்; கூறு போட்டு விற்பவர் யாரோ பிடித்ததைக் கடன்பட்டு வாங்கியவர். ஏலக் கூடத்திலும் மீன்தூள் ஆலையின் வாசலிலும் நீட்ட வேண்டும். ஆலைகள் எண்ணிக்கையில் குறைவு, முகவரி உள்ளவை, உரிமம் பெற்றவை. வாங்குபவர் மறுத்தால் பிடிப்பவர் தானாக வலையை மாற்றுவார். ஒரு மாநிலம் மட்டும் இதைச் செய்தால் குட்டி மீன் லாரியேறி அடுத்த மாநிலத்துக்குப் போய்விடும். மத்திய அரசின் விதிக்கு உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது.

நிறைவரம்பைத் தவிர்க்க முடியாத இடமும் ஒன்று உண்டு. குமரிக் கடற்கரையில் கேரை என்று சொல்லும் மஞ்சள்துடுப்புச் சூரை பல நாடுகளின் கடல்களைக் கடந்து திரிவது. அதற்கு அளவுகோல் மட்டும் போதாது. யார் எவ்வளவு எடுப்பது என்று நாடுகள் கூடித்தான் தீர்மானிக்க வேண்டும். இந்தியப் பெருங்கடல் சூரைமீன் ஆணையம் அதைத்தான் செய்கிறது. ஆனால் அங்கேயும் பங்கில்லாத எண் பயனற்றது. வரிச்சூரைக்கு 2021 முதல் 2023 வரை ஆண்டுக்கு 5,13,572 டன் என்று வரம்பு வைத்தார்கள். எந்த நாட்டுக்கு எவ்வளவு என்று பிரிக்கவில்லை. பிடிப்பு வரம்பைத் தாண்டிப் போனது, குற்றவாளி என்று யாரையும் காட்டவும் முடியவில்லை. பிரிக்கும்போதோ பழைய பிடிப்பு வரலாற்றை அடிப்படையாக்கும் வழக்கம் வந்துவிடுகிறது. நேற்றுவரை பெருங்கப்பல் வைத்து அள்ளியவருக்குப் பெரும்பங்கு, சிறு படகில் ஆழ்கடலேறிய குமரி மாவட்டத் தூத்தூர்க்காரர்களின் நாட்டுக்குச் சிறுபங்கு என்றால் அது பிடிப்பு வரம்பு இல்லை, சொத்துப்பத்திரம். 2021ஆம் ஆண்டு மஞ்சள்துடுப்புச் சூரைத் தீர்மானத்தை இந்தியா ஏற்க மறுத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் மறுத்ததோடு நின்றுவிட்டால், நம் பிடிப்பைச் சரியாகப் பதிவுசெய்யாத குறை நம் தலையிலேயே விடியும். கரைநாடுகளின் உரிமையைக் கணக்கில்லாமல் வாதாட முடியாது.

பிடிநீளத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. குட்டியை விட்டுப் பெரியதைப் பிடி என்று சொல்லும்போது பெரிய தாய்மீன்மேல் நெருக்கடி கூடுகிறது. வஞ்சிரம் போன்ற மீன்களில் பெரிய தாய் இடும் சினை சிறிய தாயினுடையதைவிடப் பல மடங்கு. தடைக்காலம் இதற்கு ஓரளவு ஈடு செய்கிறது. சில இனங்களுக்கு மேல்வரம்பு நீளமும் வைக்கலாம்; சந்தையில் மிகப் பெரிய வஞ்சிரத்துக்குத்தான் கிராக்கி என்பதால் அது எளிதில் நடக்காது.

அரசியலமைப்பின்படி 12 கடல்மைலுக்குள் மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் இருக்கிறது, அதற்கப்பால் மத்தியப் பட்டியலில். புதிய விதிகள் அப்பாலுள்ள கடலுக்கே உரியவை. நாகப்பட்டினத்து ஏலக்கூடத்தில் தரையில் கொட்டிய சங்கரா 11ஆவது மைலில் மாட்டியதா, 13ஆவது மைலில் மாட்டியதா என்று யாரும் சொல்ல முடியாது. அது 12 செ.மீ. இருக்கிறதா என்பதை மட்டும் அங்கேயே குனிந்து பார்த்துவிடலாம். மாநிலத்தின் பட்டியலும் மத்திய அரசின் பட்டியலும் ஒரே நீளங்களைத் தாங்கி வந்தால் அந்தக் கேள்வியே எழாது. அந்த ஒரே பட்டியலைத் தயாரிப்பதுதான் இப்போது சென்னையும் டெல்லியும் உட்கார்ந்து பேச வேண்டிய வேலை.