பிலாட்டீஸ் பிறந்த கதையும் உங்கள் தோள்பட்டையும்

1/ "டாக்டர், பிலாட்டீஸ் பண்ணா தோள்பட்டை வலி போயிடுமா?"
ஓபியில் இப்போ அடிக்கடி வரும் கேள்வி. பதிலுக்கு முன்னாடி ஒரு சின்ன வரலாறு. பொறுமையா படிங்க.

2/ பிலாட்டீஸ் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜோசப் பிலாட்டீஸ், 1883ல் ஜெர்மனியில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா, ரிக்கெட்ஸ் என்று நோஞ்சான் உடம்பு. உடற்பயிற்சியாலேயே தேறி, பிழைப்புக்காக இங்கிலாந்து போனார்.

3/ 1914ல் முதல் உலகப்போர். அங்கிருந்த ஜெர்மானியர்களை எதிரி நாட்டவர் என்று முகாம்களில் அடைத்தார்கள். இவரையும்தான். ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் முள்வேலிக்குள் 20,000 பேருக்கு மேல். முடங்கிக் கிடந்தவர்களுக்குத் தன் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தார்.

4/ 1926ல் நியூயார்க். அவர் ஸ்டூடியோவுக்கு நடனக் கலைஞர்கள் வரிசையாக வந்தார்கள். கையைத் தூக்க முடியலைன்னா அவங்களுக்குப் பிழைப்பே இல்லை. தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கன்ட்ராலஜி'. அதாவது, பலத்தைவிடக் கட்டுப்பாடு முக்கியம்.

5/ அதே காலத்தில் பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் தோளை மட்டும் ஆராய்ந்து 1934ல் ஒரு புத்தகம் எழுதினார். கையைத் தூக்கும்போது மேற்கை எலும்பும் முதுகுப்பக்கத் தோள்பட்டை எலும்பும் ஒரே தாளத்தில் நகர்கின்றன என்றார். 1944ல் இன்மன் குழுவினர் அதை அளந்தார்கள். 180 டிகிரியில் சுமார் 120 மூட்டிலிருந்து, 60 தோள்பட்டை எலும்பிலிருந்து.

6/ சின்ன சாஸரில் ஆரஞ்சுப் பழம் வெச்ச மாதிரிதான் நம்ம தோள் மூட்டு. பழம் உருளாமல் பிடிப்பவை ரொட்டேட்டர் கஃப் எனும் 4 தசைகள். சாஸரைச் சரியாகத் திருப்பித் தருபவை செர்ரேட்டஸ், ட்ரபீசியஸ் போன்ற முதுகு, விலாத் தசைகள். இவை சோர்ந்தால் தாளம் தப்பும், வலி வரும்.

7/ இப்போ பதில். உடம்பை நேராக வைத்து, கையை ஊன்றி, மெதுவாகச் செய்யும் பிலாட்டீஸ் பயிற்சிகள் இந்தத் தசைகளைப் பழக்குகின்றன. தாளம் தப்பிய தோளுக்கு உதவும். ஆனால் மேஜிக் இல்லை. நல்ல பிசியோதெரபியும் இதையே செய்யும். முழுசா கிழிந்த தசைநாரை எந்தப் பயிற்சியும் ஒட்ட வைக்காது. முதலில் என்ன பிரச்சினைன்னு கண்டுபிடிக்கணும்.

8/ ஒரு அக்கா வந்தாங்க. "வலிக்குது, அசைக்காதே"ன்னு வீட்டில் சொன்னதைக் கேட்டு 6 மாசம் கையை மடக்கியே வெச்சிருந்தாங்க. சுகரும் இருந்தது. தலை பின்ன முடியலை. சுகர் உள்ளவங்களுக்குத் தோள் இறுக்கம் வரும் வாய்ப்பு அதிகம்.

9/ முள்வேலிக்குள் இருந்தவர்களே உடம்பை அசைத்தார்கள். நாம ஏன் நல்ல கையைக் கட்டிப்போடணும்?

முக்கியம்: நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறலோடு தோள் வலித்தால் பயிற்சி வேண்டாம். உடனே 108. அது இதயமாக இருக்கலாம்.